தகரப் பெட்டியும் நூலகரும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று பாடசாலைக் கட்டடத்துக்கோ கோவில் மண்டபத்துக்கோ வந்து சேர்ந்தால், சோற்றுப் பொதி வருவதற்கு முன்னரே ஒரு கேள்வி வந்துவிடும். "ஐடென்டிற்றி இருக்கா? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கா?" கேட்பவர் கிராம உத்தியோகத்தராக இருக்கலாம், நிவாரணம் பதிய வந்த எம்மைப் போன்றவர்களாகவும் இருக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்த நாட்களிலும், சேற்றோடு வந்து நின்றவர்களிடம் நாம் இதைத்தான் கேட்டோம். கேட்டபின் வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்காமல் பதிய முடியாது.

இந்த ஏட்டை வாசிக்கும் குடும்பங்கள் ஒரே வழியில் இடம்பெயர்ந்தவையல்ல. கொத்மலை நீர்த்தேக்கத்திற்காக வயலையும் வீட்டையும் விட்டு எழும்பியவர்கள் உண்டு. 1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் கிணறு தோண்டிப் பயிர் செய்து, பின்னர் போரில் அதையும் இழந்தவர்கள் உண்டு. மண்சரிவு அபாயமென்று ஓரிரவில் லயத்தைவிட்டு இறங்கி, மரக்கறிப் பாத்தியை மேலே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரிடமும் நாம் கண்ட பொதுவான பொருள் ஒன்றே: பழைய பிஸ்கட் தகரப் பெட்டி. பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, காணிப் பேமிட், சேமலாப நிதித் துண்டு, இறந்துபோன தகப்பனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்ளேதான். பெட்டியைக் கொண்டுவந்தவர்களின் வேலை ஒரு கிழமையில் முடிந்தது. கொண்டுவராதவர்கள் இன்னும் அலைகிறார்கள்.

கடதாசிகளைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர் நூலகர். அவருடைய வேலைக்கும் எமது தகரப் பெட்டிக்கும், இவை இரண்டுக்கும் சமாதானம் என்ற பெரிய சொல்லுக்கும் என்ன தொடர்பு என்பதே நாம் இங்கே விளக்க விரும்புவது.

மலையக மக்களின் வரலாறு கடதாசிகளின் வரலாறு என்றால் மிகையல்ல. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கங்காணியிடம் கடன் இல்லை என்று காட்டும் "துண்டு" வேண்டியிருந்தது. அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. பிறகு வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், "இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபி" என்றது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவருக்கு 7 ஆண்டுகள், மணமாகாதவருக்கு 10 ஆண்டுகள். எதைக் கொண்டு நிரூபிப்பது? செக்றோல் தோட்டத்து ஆபீசில். பிறப்பு பதியப்படாத பிள்ளைகள் பலர். பெயர் ஒவ்வொரு கணக்கப்பிள்ளையின் கையில் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்து, ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அச்சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கிடைத்தது. மீதிப்பேரின் தலைவிதியை 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது. எஞ்சியவர்களுக்கும் உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் அநீதியானது என்பது வேறு விடயம். அதை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். இங்கே கவனிக்க வேண்டியது, எம்மைப் பற்றிய தாள்கள் எம்மிடம் இருக்கவில்லை என்பதை. அவை துரையின் அலுமாரியில் இருந்தன. எம்மிடம் இருந்தது ஞாபகம் மாத்திரமே. ஞாபகத்தை எந்த ஆணையாளரும் சாட்சியாக ஏற்றுக்கொள்ளவில்லை. திருக்குடும்பமே பெயர் பதிவதற்காகத்தான் நிறைமாதத்தில் பெத்லகேமுக்கு நடந்தது என்பதை நத்தார் காலத்தில் நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை.

இனி நூலகருக்கு வருவோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் ஓர் அரசனோ செல்வந்தனோ கட்டியதல்ல. நீதிமன்றத்தில் பணிபுரிந்த க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர் மக்கள் சேர்ந்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் அதைப் பெரிய கட்டடமாக்கப் பாடுபட்டார். 1959 ஒக்டோபரில் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில், சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. எரிவதைக் கண்ட அதிர்ச்சியிலேயே பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் உயிர் நீத்தார். எம்மைப் போன்ற குருக்களுக்கு அது வெறுஞ் செய்தியன்று. ஒரு சகோதரனின் மரணம்.

கட்டடத்தை மீண்டும் கட்டலாம். 2004இல் கட்டியும் திறந்தார்கள். ஆனால் ஒரேயொரு பிரதி மட்டும் இருந்த சுவடி போனது போனதுதான். அந்தத் தீயிலிருந்து நூலகர்கள் கற்ற பாடம் விவசாயிக்குப் புதிதல்ல. விதை நெல் முழுவதையும் ஒரே பட்டறையில் வைக்கும் கமக்காரன் இல்லை.

அப்பாடத்தைத் தம் வாழ்நாள் பணியாக்கியவர்களுள் ஒருவர் நூலகர் என். செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் கல்லூரி நூலகத்திலும் ஆய்வு நிறுவன நூலகத்திலும் பணியாற்றிய இவர், போர்ச் சூழலில் பிரித்தானியாவுக்குப் புலம்பெயர்ந்தார். புலம்பெயர்ந்தவர் கையில் நூலகம் இல்லை. பட்டியல் எழுதும் பழக்கம் மாத்திரம் இருந்தது. ஈழத்தவர் எங்கே என்ன நூலை வெளியிட்டாலும் அதன் பெயர், ஆசிரியர், வெளியிட்ட இடம், ஆண்டு, பக்கம், உள்ளடக்கம் ஆகியவற்றைக் குறித்து "நூல்தேட்டம்" என்ற தொகுப்பை 2002 முதல் வெளியிட்டு வருகிறார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். எரிந்த நூலகத்தின் வரலாற்றையும் தொகுத்தார். பட்டியல் எழுதுவது பெரிய வீரச் செயலாகத் தோன்றாது. ஆனால் எது இருந்தது என்று தெரிந்தால்தான் எது காணாமற் போயிற்று என்று கேட்க முடியும். இழப்பீடு கேட்ட எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும்.

மற்றொரு முயற்சி 2005இல் இளைஞர்கள் சிலர் தன்னார்வமாகத் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகம். எண்ணிமம் என்றால் என்ன என்று எமது மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஒரு தாளைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கணனி விளங்கிக்கொள்ளும் எண்களாக மாற்றி வைப்பதுதான். எண்ணாக மாறியபின் அதை எத்தனை பிரதி எடுத்தாலும் மங்காது. ஒரு பிரதி யாழ்ப்பாணத்திலும் ஒன்று கொழும்பிலும் ஒன்று கடல் கடந்தும் இருக்கலாம். பழைய பத்திரிகை, கோவில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கல்வெட்டு என்று நாம் வழங்கும் நினைவு மலர், துண்டுப் பிரசுரம் என இவர்கள் சேர்த்த ஆவணங்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டன. பணம் கேட்காமல் எவரும் வாசிக்கலாம்.

இதில் எமக்கும் பங்கு உண்டு. நம் பூண்டுலோயாப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே அவரைத் தெரிவுசெய்த மக்களின் உரிமை பறிக்கப்பட்டது. அவர் லயம் லயமாகச் சென்று தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களை எழுதி வைத்தார். பெயர்ப் பலகை இல்லாத நூலகர் என்று அவரைச் சொல்லலாம். அவருடைய நூல்கள் சிலவற்றை இன்று பூண்டுலோயா பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே கைத்தொலைபேசியில் வாசிக்கலாம். அவர் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அது பிள்ளைகளின் குற்றமல்ல. கம்பளைக்கு அப்பால் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஒருமுறை கூட்டிச் செல்லலாம்.

சமாதானம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்து 11 ஆண்டுகளின் பின், 1992 ஓகஸ்டில், பொஸ்னியாவின் சரயேவோ நகரத்தில் தேசிய நூலகத்தைக் குண்டு வீசி எரித்தார்கள். அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் இருந்த கீழைத்தேய நிறுவனத்தையும் எரித்திருந்தார்கள். நூல்களோடு, காணி யாருடையது, பள்ளிவாசல் யார் கட்டியது என்று சொல்லும் பழைய ஏடுகளும் போயின. அமெரிக்காவில் ஹாவட் பல்கலைக்கழகத்தின் நுண்கலை நூலகத்தில் பணிபுரிந்த அன்ட்ராஸ் ரீடில்மயர் என்ற நூலகர் அப்போது ஒரு யோசனை செய்தார். அச்சுவடிகளை முன்னர் ஆராய்ந்த அறிஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் படப்பிரதியோ நுண்படச் சுருளோ இருக்குமல்லவா? கடிதம் எழுதி, நண்பர்களோடு சேர்ந்து, அப்பிரதிகளைத் தேடத் தொடங்கினார். எரிந்ததில் சிறு பங்குதான் திரும்பக் கிடைத்தது, எனினும் கிடைத்தது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. 1999இல் கொசோவோ போர் முடிந்ததும் நேரில் சென்று, இடிக்கப்பட்ட வணக்கத் தலங்களையும் எரிக்கப்பட்ட நூலகங்களையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். முன்பு எடுத்த படம், பின்பு எடுத்த படம், இடம், கண்டவர் சொன்னது, எல்லாம் ஒழுங்காக. நூலகர் புத்தகத்துக்கு அட்டை எழுதுவது போலவே. 2002இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் சேர்பிய முன்னாள் ஜனாதிபதி மிலோசவிச்சுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். மிலோசவிச் தாமே எழுந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். ஒரு பக்கத்தில் நாட்டை ஆண்டவர். மறுபக்கத்தில் படங்களையும் அட்டவணையையும் வைத்திருந்த ஒரு நூலகர்.

ஆனால் எமது வாசகர்களுக்கு இதைவிடப் பயன்படக்கூடியது கொசோவோவின் பதிவேடுகளின் கதை. அப்போரில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அல்பேனிய இன மக்கள் துரத்தப்பட்டார்கள். எல்லையைக் கடக்கும்போது பலரிடமிருந்து அடையாளப் பத்திரங்களைப் பறித்துக்கொண்டார்கள். போர் முடிந்து சேர்பியப் படை வெளியேறியபோது பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகளும் காணிப் பதிவேடுகளும் கூடவே போயின. மக்கள் திரும்பி வந்தார்கள். நான் இன்னாரின் மகன், இது எங்கள் நிலம் என்று காட்ட ஏடு இல்லை. சேர்பியாவோ, "ஏடுகள் எமது உடைமை, தர முடியாது" என்றது. இரு தரப்பும் ஒன்றையொன்று அங்கீகரிக்கவே மறுத்த நிலையில் பேச்சு எங்கே தொடங்கும்?

அது தொடங்கியது இந்த ஏடுகளில்தான். 2011இல் பிரசல்ஸ் நகரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நடுநிலையில் பேசியபோது முதலில் உடன்பட்ட விடயங்களுள் ஒன்று, மூல ஏடு அங்கேயே இருக்கட்டும், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, சரியான பிரதியென்று நடுவர்கள் உறுதிப்படுத்தி மறுபக்கத்துக்குக் கொடுக்கட்டும் என்பது. 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகள் இவ்வாறு படமெடுக்கப்பட்டன. 2014இல் அவ்வேலை முடிந்தது. காணிப் பதிவேடுகளின் பிரதிகளுக்கும் 2011இலேயே உடன்பாடு வந்திருந்தது. அவை கைக்கு வர மிக நீண்ட காலம் சென்றது. காணி என்றால் எந்த நாட்டிலும் அப்படித்தான் போலும். கொசோவோவில் பூரண சமாதானம் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கசப்பு இன்றும் உண்டு. ஆனால் கொடி, எல்லை, பெயர் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒரு தாயின் விவாகப் பதிவைப் பிரதி எடுப்பதில் ஒத்துப்போனார்கள். ஏட்டை விட்டுக்கொடுக்காமலே கொடுக்க முடிந்தது, எண்ணிமப் படம் என்ற ஒன்று இருந்தபடியால்.

இங்கே எமது தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பிலிருந்த நிலையமொன்றின் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கினோம். 1983க்குப் பின்னர் அகதிக் குடும்பங்களுக்கு அரிசியும் போர்வையும் கொடுத்த பேரேடுகள் அங்கே கிடந்தன. கறையான் அரித்து நாற்றமெடுத்தன. கணக்கு முடிந்ததுதானே என்று முற்றத்தில் போட்டு எரித்தோம். போருக்குப் பின்னர் வன்னியிலிருந்து ஓர் ஐயா வந்தார். தகப்பனார் இன்ன தோட்டத்திலிருந்து 1983இல் துரத்தப்பட்டவர் என்று காட்ட ஏதாவது எழுத்து வேண்டும் என்றார். "பாதர் கொடுத்த அரிசிக் கணக்கில அப்பா கைநாட்டு வைத்தது எனக்கு நல்லா ஞாபகம்" என்றார். எமக்கும் ஞாபகம் இருந்தது. எரித்த நாளும் ஞாபகம் இருந்தது. தாளை எரிக்கக் கலகக்காரன்தான் வரவேண்டும் என்பதில்லை.

ஆயினும் பிரதி எடுப்பதெல்லாம் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழரின் வீடுகளைத் தேடி வந்தார்கள். பட்டியல் காக்கவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும். ஆகவே நல்ல நூலகர் எதைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதில் கவனமாக இருப்பார். ஒரு பாடல் புத்தகம் உலகம் முழுவதும் போகட்டும். உங்கள் அடையாள அட்டையின் இலக்கமும் வங்கிப் புத்தகமும் அப்படிப் போகக் கூடாது. நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லி, அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பும்படி தொலைபேசியில் கேட்பவர் யார் என்று தெரியாமல் அனுப்ப வேண்டாம். சபையின் ஆளென்று சொன்னாலும் நேரில் விசாரியுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். தாள் நனைந்திருந்தால் ஈரத்தோடு பிரிக்க வேண்டாம், கிழியும். வெயிலிலும் அடுப்பருகிலும் போடாமல் நிழலில் காற்றாட வைத்து, அரைகுறையாகக் காய்ந்ததும் நடுவே வெள்ளைத் தாள் வைத்துப் பிரியுங்கள். மூலப் பத்திரத்தைச் சூட்டில் பிளாஸ்ரிக் ஒட்டி மூட வேண்டாம். பின்னர் கழற்ற முடியாது. சாதாரண பொலித்தீன் உறையில் இட்டால் போதும். பகல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். அப்படத்தை வேறு ஊரிலிருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஒரே லயத்தில் இரண்டு பிரதி வைத்துப் பயனில்லை. மண் வந்தால் லயத்தோடுதான் போகும்.

அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. ஒரு கொப்பியில் ஒவ்வொரு பத்திரத்தின் இலக்கம், திகதி, கொடுத்த அலுவலகம், அதில் பெயர் எழுதியிருக்கும் விதம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நூலகரின் பட்டியல் இதுதான். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலும் பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுப்பது இலகு. தெரியாவிட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும். பெயர் விதத்தை ஏன் குறிக்கச் சொல்கிறோமென்றால், செக்றோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்தம்மாள், சேமலாப நிதியில் எம். முத்துமா என்று இருந்து, முப்பது வருடம் கொழுந்து பறித்தவரின் பணம் நின்றுபோன கதைகள் எமது மேசைக்கு மாதந்தோறும் வருகின்றன. ஓய்வு பெறுவதற்கு முன்னரே பார்த்துத் திருத்திக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

எமது பங்கிலும் வேலை தொடங்கியிருக்கிறது. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை இளைஞர் இருவர் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறார்கள். இவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட மாட்டா. தம் பெயரை அல்லது பெற்றோரின் பெயரைத் தேடி வருபவருக்கு அவருடைய பக்கத்தின் பிரதி கொடுக்கப்படும். மதம் பார்க்காமல், எவரும் தம் பெட்டியைக் கொண்டுவந்து தாள்களைப் படமெடுத்துச் செல்லலாம். படம் உங்கள் கையில்தான் தரப்படும்.

எஞ்சியிருப்பது தோட்ட ஆபீசுகளின் பழைய செக்றோல்கள். எமது பாட்டன் பூட்டன்மாரின் பெயர்கள் அவற்றில்தான் இருக்கின்றன. மூலத்தை நாம் கேட்கவில்லை. கொசோவோவில் போலப் படமெடுக்க மாத்திரம் அனுமதி கேட்டிருக்கிறோம். ஒரு தோட்டத்தில் இரண்டு முறை கடிதம் கொடுத்து நேரிலும் போனோம். துரை மரியாதையாகத் தேநீர் தந்தார். அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறதென்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த மாதம் மழை ஓய்ந்ததும் மூன்றாவது கடிதத்தோடு போகிறோம். கூட வர விரும்பும் பழைய தொழிலாளர்கள் பெயர் கொடுக்கலாம்.